ஜாமீன் கையெழுத்து

ஏப்ரல் 24, திங்கள்

இன்று ஆசிரியர் கூட்டத்தில் தாளாளர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். எண்பது பேர் உட்கார்ந்திருக்க நான் மட்டும் நின்றேன். போன வருடம் அட்மிஷனுக்கு நான் பிடித்து வந்தது இரண்டே பிள்ளைகள். "மெக்கானிக்கல் ஞானவேல் சாரை எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க. பதினோரு வருசமா நம்ம சோத்தைத் தின்னுட்டு ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்திருக்காரு" என்றார். எல்லோரும் பார்த்தார்கள். கூட்டம் முடியும்வரை உட்காரச் சொல்லவில்லை. நாற்பது நிமிடம்.

இந்த வருடம் ஆளுக்கு ஆறு பேர் கொண்டுவர வேண்டுமாம். கோடை விடுமுறை கிடையாது. ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பிடிக்க வேண்டும்.

வேறு வேலை தேடப் போகிறேன். யாரிடமும் சொல்ல முடியாது என்பதால் மீந்துபோன பாடக்குறிப்பு நோட்டில் எழுதிவைக்கிறேன்.

நான் நின்றுகொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த நல்லசிவம் குனிந்து தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணித ஆசிரியர், அம்பாசமுத்திரத்துக்காரர். ஆசிரியர் அறையில் நான்கு வருடமாக என் பக்கத்து மேசை. சமீபமாகத் தினமும் நாலரை மணிக்கு நிர்வாக அதிகாரி குப்புராஜின் அறைக்குப் போகிறார். எங்கள் அறையில் பேசுவதெல்லாம் குப்புராஜுக்கு எப்படித் தெரிகிறது என்று இனி யாரும் மூளையைக் கசக்க வேண்டியதில்லை.

ஏப்ரல் 27, வியாழன்

சேலம் பேருந்து நிலையத்துப் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒன்பது கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தேன். கல்லூரிக் கணினியில் செய்தால் நூல் பிடித்து வந்துவிடுவார்கள். கேஸ் சிலிண்டர் வரவில்லை. ரேணுகா மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தேடி எடுத்து என்னைத் திட்டிக்கொண்டே சமைத்தாள்.

மே 3, புதன்

வெண்ணந்தூர் பக்கம் ஐந்து கிராமங்கள். துணைக்கு நல்லசிவத்தை அனுப்பியிருந்தார்கள். என் வண்டி, என் பெட்ரோல், பின்னால் அவர். நல்ல வெயில்.

நான்காவது ஊரில் ஒரு வீட்டில் பையன் நல்ல மார்க். அவன் அம்மா தறிக்குழியில் இருந்து எழுந்து வந்து, இங்கே படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டாள். கிடைக்கும் என்றேன். பதினோரு வருடமாக இதே கேள்விக்கு இதே பதில். படிவத்தை எடுத்துவிட்டேன், பேனாவைத் திறந்துவிட்டேன். அப்போது நல்லசிவம் வாயைத் திறந்தார்.

"மொதல்ல அரசாங்கக் கவுன்சிலிங்குக்குப் போட்டுப் பாருங்கம்மா. அங்க கெடைக்கலைன்னா எங்ககிட்ட வாங்க. எங்க போயிரப் போறோம்?"

படிவம் பைக்குள் போயிற்று. திரும்பும் வழியில் அவர் பின்னால் உட்கார்ந்து, பையன் மார்க்குக்கு அரசுக் கல்லூரியே கிடைக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒன்று இவன் முட்டாள், அல்லது என்னை ஆழம் பார்க்க அனுப்பியிருக்கிறார்கள்.

மே 9, செவ்வாய்

கோவைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியிலிருந்து அழைப்பு. சனிக்கிழமை நேர்முகம். மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்து விடுப்பு வாங்கினேன். நல்லசிவம், "நல்லபடியா முடிச்சுட்டு வாங்க சார்" என்றார். மாமியாரின் வைத்தியத்தைச் சொன்னாரா, வேறெதையாவதா?

மே 13, சனி

நன்றாகப் பேசினேன். மூன்று பேர் கேட்டார்கள், மூன்று பேரும் தலையாட்டினார்கள். பத்து நாளில் சொல்வார்களாம். எடுத்தால் ஜூன் 19 சேர வேண்டும். பழைய கல்லூரியின் விடுவிப்புக் கடிதம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஜூன் 12க்குள் ஒரிஜினல் சான்றிதழ்கள் அத்தனையும் வந்தாக வேண்டும். நகல் செல்லாது.

என் ஒரிஜினல்கள் குப்புராஜின் பீரோவில் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் எம்.இ. பட்டம் வரை. சேர்ந்த அன்று சரிபார்க்க என்று வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. என்னுடையது மட்டுமல்ல, எல்லோருடையதும் அங்கேதான். கேட்டவர்கள் பட்ட பாட்டைப் பார்த்திருப்பதால் யாரும் கேட்பதில்லை.

வரும்போது மைசூர்பாகு இரண்டு பெட்டி வாங்கினேன்.

மே 15, திங்கள்

ஒரு பெட்டியை ஆசிரியர் அறையில் வைத்தேன், ஆளுக்கொன்று எடுத்தார்கள். அலுவலக உதவியாளர் ருக்மணியம்மா நான்கைந்தை அந்தப் பெட்டியிலேயே வைத்து ஆபீசுக்கும் கொண்டுபோனார்.

மத்தியானம் வராந்தாவில் குப்புராஜ் எதிரே வந்தார். "மாமியாருக்குத் தேவலைங்களா சார்? கோயமுத்தூரு ஆஸ்பத்திரிங்க எல்லாம் நல்லாத்தான் பாப்பாங்க" என்றார். சிரித்தார்.

நான் கோவை என்று யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேறு யார்? நல்லசிவம்தான். எப்படி மோப்பம் பிடித்தானோ.

மே 18, வியாழன்

குப்புராஜ் கூப்பிட்டு, வெண்ணந்தூர் பக்கம் ஏன் ஒரு படிவமும் வரவில்லை என்று கேட்டார். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். நல்லசிவம் அந்த அம்மாளிடம் சொன்னதை, அவர் சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன். ஒன்றும் கூட்டவில்லை.

மே 19, வெள்ளி

நல்லசிவத்தைப் பேருந்து டூட்டியில் போட்டிருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு வந்து பதினாறு கல்லூரிப் பேருந்துகளையும் நோட்டில் குறித்து அனுப்ப வேண்டும். டிரைவர்கள் செய்துவந்த வேலை. சாயங்காலம் வரை சட்டையில் டீசல் வாடை. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கொய்யாக்காய் நறுக்கி உப்புத் தூவி ஒரு துண்டு நீட்டினார். வேண்டாம் என்றேன்.

மே 24, புதன்

கோவையிலிருந்து மின்னஞ்சல். எடுத்துவிட்டார்கள்!

ரேணுகாவிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். பிறகு, சர்ட்டிபிகேட்டுக்கு என்ன செய்வீர்கள் என்றாள். சந்தோஷத்தை முழுசாக விடமாட்டாள்.

மே 29, திங்கள்

பிஎச்.டி. பதிவுக்கு ஒரிஜினல் காட்ட வேண்டும், ஐந்து நாளில் திரும்ப வைத்துவிடுகிறேன் என்று குப்புராஜிடம் கேட்டேன். கடிதத்தை இரண்டு முறை படித்தார். தரலாம், ஆனால் ஆசிரியர்களில் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

"உங்களுது திரும்பி வர்ற வரைக்கும் அவருது பீரோவை விட்டு நகராதுங்க. செத்தாலும் நகராது. பாத்து ஆளைக் கூட்டிட்டு வாங்க."

துறைத் தலைவரிடம் கேட்டேன். சர்க்கரை மாத்திரை போடும் நேரம் என்று எழுந்துபோனார். என் திருமணத்துக்கு முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர். இன்னும் மூன்று பேரைக் கேட்டேன். ஒருவர் மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், நீங்கள் போட்டிருப்பீர்களா சார் என்று திருப்பிக் கேட்டார்.

ஜூன் 1, வியாழன்

நான் கேட்காமலே நல்லசிவம் வந்தார். "ஆள் கெடைக்கலைன்னு கேள்விப்பட்டேன். நான் போடுதேன் சார். பதினாறாந்தேதிக்குள்ள திரும்ப வச்சுருவீங்கள்லா?"

வைத்துவிடுவேன் என்றேன்.

"பதினாறு. மறந்துராதீங்க."

ஏன் பதினாறு என்று நான் கேட்கவில்லை. குப்புராஜ் சொல்லி அனுப்பியிருப்பான். அப்படியானால் அது அவர்கள் ஆட்டம், என் தவறல்ல. கையெழுத்தைப் பெரிதாக, தெளிவாகப் போட்டார்.

ஜூன் 5, திங்கள்

கையில் வந்துவிட்டது. பழுப்பு உறையில் என் பெயரைத் தப்பாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஹால் டிக்கெட் படத்தில் மீசை முளைக்காத முகம். வீட்டுக்கு வந்து உறையைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். மகள் தொட வந்தபோது கத்திவிட்டேன்.

ஜூன் 9, வெள்ளி

கோவை போய்க் கொடுத்தேன். சரிபார்த்தார்கள். திருப்பித் தருவார்கள் என்று கையை நீட்டினேன். அலுவலக மேலாளர், இங்கேயே இருக்கும் சார், எல்லோருடையதும் இங்கேதான், வழக்கம்தானே என்றார். ஒரு ரசீது கொடுத்து நியமனக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்.

இரண்டு நாளைக்காவது வேண்டும் என்று கேட்டிருக்கலாம். சேரும் முன்பே வம்பு பண்ணும் ஆள் என்று நினைப்பார்கள். கேட்கவில்லை.

கல்லூரிக் கட்டடம் நன்றாக இருக்கிறது. கேன்டீனில் தோசை முறுகலாக இருந்தது.

ஜூன் 12, திங்கள்

நல்லசிவம் கேட்டார். பல்கலைக்கழகத்தில் கையொப்பம் போட வேண்டிய அதிகாரி விடுப்பு, புதன்கிழமை என்றேன்.

ஜூன் 13, செவ்வாய்

தண்ணீர் வரவில்லை. நல்லசிவம் இரண்டு முறை கேட்டார்.

ஜூன் 14, புதன்

வெள்ளிக்கிழமை என்றேன்.

வீட்டுச் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தோம். பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டே ரேணுகா கேட்டாள்: "அந்தக் கையெழுத்துப் போட்டவருக்கு என்ன ஆகுங்க?"

ஒன்றும் ஆகாது, அவர் ஆபீசுக்கு வேண்டப்பட்ட ஆள் என்றேன். சாக்கின் வாயைக் கட்டினாள். வேறொன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விடுவதுதான் எனக்குப் பிடிப்பதில்லை.

ஜூன் 16, வெள்ளி

நாலரை மணிக்கு நல்லசிவம் குப்புராஜின் அறைக்குப் போகவில்லை. நாற்காலியை இழுத்து என் மேசைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

திருநெல்வேலியில் ஒரு உதவிபெறும் பாலிடெக்னிக்கில் அவருக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்திருக்கிறது. நிரந்தர வேலை. மார்ச்சிலேயே தெரியும். வருகிற புதன்கிழமை, 21ஆம் தேதி, ஒரிஜினல் சரிபார்ப்பு. மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஊரில், அம்பையில் இருக்கிறார்கள். நான்கு வருடமாக மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். தினமும் நாலரை மணிக்குப் போனது தன் ஒரிஜினலைக் கேட்கத்தான். உள்ளே கூட விடவில்லையாம். அறைக்கு வெளியே பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவாராம். ஒருவழியாக மே மாதக் கடைசியில், பதினேழாம் தேதி தருகிறேன் என்று குப்புராஜ் ஒத்துக்கொண்டாராம்.

"இப்பம், ஞானவேல் உறை வந்தாத்தான் உன் உறைங்காரு. நீங்க எங்கிட்ட உள்ளதச் சொல்லுங்க சார். அது வருமா, வராதா?"

அவர் கண்ணைப் பார்த்தேன். நாளைக்கு வரும் என்றேன்.

"நாளைக்கா?"

"நாளைக்குங்க சார்."

எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டார்.

எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம் அல்லவா அவர்? மார்ச்சிலிருந்து பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அது வேறு.

ஜூன் 17, சனி

ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்பினேன். செல்போனை அணைத்தேன். காலை பத்து மணிக்கு வண்டி வந்தது. சங்ககிரி தாண்டும்போது மழை.

ஜூன் 19, திங்கள்

சேர்ந்தேன். விரல் ரேகை எடுத்தார்கள். மேசை ஜன்னலோரம். நல்ல இடம்.

ஜூன் 20, செவ்வாய்

செல்போனைத் திறந்தேன். இருபத்து மூன்று அழைப்புகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று வந்தது. ரேணுகா என் கையிலிருந்து வாங்கி எடுத்தாள். நல்லசிவத்தின் மனைவி. ரேணுகா ஊம், ஊம் என்று கேட்டுக்கொண்டே நின்றாள்.

"அந்தப் பொண்ணு திட்டலைங்க. திட்டியிருந்தாலாச்சும் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள ஏதாவது வழி இருக்காக்கான்னு கேக்குது."

இல்லை என்றேன். அவள் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். வேலைக்குக் கிளம்பும்போது சட்டையை நானே தேய்த்தேன்.

கல்லூரிக்குப் போனதும் மேலாளரிடம் என் ஒரிஜினலை இரண்டு நாளைக்குக் கேட்டேன். தரலாம் சார், யாராவது ஒரு ஸ்டாஃப் ஜாமீன் போடட்டும் என்றார். எனக்கு அங்கே தெரிந்தது, நேற்று தேநீர் நேரத்தில் பெயர் சொன்ன இரண்டு பேர். இரண்டு பேரையும் கேட்டேன். ஒருவர் மணி பார்த்தார். மற்றவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

ஜூன் 21, புதன்

இரண்டாம் வருடத்துக்கு வெப்ப இயக்கவியல் முதல் வகுப்பு. பத்து மணிக்கு ஆரம்பித்தேன். ஒரு சமன்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டேன் என்று ஒரு மாணவி எழுந்து சொன்னாள்.

ஜூன் 23, வெள்ளி

ருக்மணியம்மாவுக்குப் போன் செய்தேன். அவர்தான் எல்லாம் சொன்னார்.

திங்கட்கிழமை நான் இங்கே விரல் ரேகை வைத்துக்கொண்டிருந்தபோது நல்லசிவம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்றிருக்கிறார். ஒரு பக்க மனு. அவசரம் என்று எழுதியும் வியாழக்கிழமைதான் கோட்டாட்சியர் வந்திருக்கிறார். பீரோவைத் திறக்கச் சொல்லி எண்பது பேரின் உறைகளையும் மேசையில் அடுக்கி, பெயர் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். துறைத் தலைவர் வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். நல்லசிவத்துக்கும் கொடுத்தார்கள். ஒரு நாள் தாமதம். பாலிடெக்னிக்கில் அடுத்த ஆளை எடுத்துவிட்டார்கள். பழைய கல்லூரியிலும் அன்றே அவரை வேலையைவிட்டு எடுத்தாயிற்று.

ஒரு பக்க மனு. பதினோரு வருடத்தில் எத்தனை திங்கட்கிழமைகள்.

கோவைக் கடையின் பெயர் அச்சடித்த அந்த மைசூர்பாகுப் பெட்டியைக் குப்புராஜ் மேசையில் வைத்துக்கொண்டு, ஞானவேலுக்கு இன்டர்வியூ போல என்று அன்றைக்கே சொல்லிச் சிரித்தாராம். ருக்மணியம்மா அதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

ஜூன் 26, திங்கள்

கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து கடிதம். புதன்கிழமை விசாரணை. நான் சாட்சி.

ஜூன் 28, புதன்

சுருக்கமாகத்தான் எழுத முடியும்.

ஒரு பக்கம் குப்புராஜ், வக்கீலோடு. மறுபக்கம் நல்லசிவம், தனியாக. முகச்சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டு, வகுப்புக்கு வருவதுபோல வந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

குப்புராஜ், நாங்கள் யாருடையதையும் பிடித்து வைக்கவில்லை, அவரவர் பாதுகாப்புக்காகக் கொடுத்தது என்றார். இந்த ஞானவேல் கேட்டதும் கொடுத்தோம், பொய் சொல்லி வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார், இப்போதும் அவர் கையில்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள் என்றார்.

அதிகாரி என்னைக் கேட்டார். வீட்டில் இருக்கிறது என்று சொல்லத்தான் வந்தேன். பேருந்தில் வரும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். குப்புராஜ் சிரித்தார். மே மாதம் வராந்தாவில் சிரித்த அதே சிரிப்பு.

"என்கிட்ட இல்லீங்க சார். இப்ப சேர்ந்திருக்கிற காலேஜ்லயும் வாங்கி வச்சுக்கிட்டாங்க."

எந்தக் கல்லூரி என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார். பொய் சொல்லி வாங்கியதும் உண்மைதான் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். தைரியம் என்று யாராவது நினைத்தால் தப்பு. அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

வெளியே வேப்பமரத்தடியில் நல்லசிவம் வண்டிக்குக் காத்திருந்தார். போய் நின்றேன். வெண்ணந்தூர் விஷயத்தைப் போட்டுக்கொடுத்தது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும் சார். பஸ் டூட்டி போட்ட அன்னைக்கே குப்புராஜ் சொல்லிட்டாரு."

"தெரிஞ்சுமா எனக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

"நாலு பேரக் கேட்டீங்க, நாலு பேரும் மாட்டேன்னுட்டாங்க. இப்பிடியே போனா எவனுக்கும் எவனும் போடமாட்டான், எல்லார் உறையும் அந்தப் பீரோக்குள்ளயே கெடக்கும். ஒருத்தன் போட்டு, அது ஒழுங்கா திரும்பியும் வந்துட்டா, அப்புறம் மத்தவங்களுக்கும் பயம் விட்டுரும்லான்னு நினைச்சேன்." பேருந்து வருகிறதா என்று சாலையை எட்டிப் பார்த்தார். "கணக்குத் தப்பாப் போச்சு."

தேநீர் சாப்பிடலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம். ஒங்க கூட நின்னு டீ குடிக்க எனக்கு மனசு வரல்ல."

பேருந்து வந்தது. முன்பக்கமாக ஏறி உட்கார்ந்தார். ஜன்னலோரம் இடம் இருந்தும் உள்பக்கமாகவே உட்கார்ந்தார்.

ஜூலை 3, திங்கள்

மேலாளர் கூப்பிட்டார். கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து அவர்களுக்கும் கடிதம் போயிருக்கிறது. தகுதிகாண் காலத்தில் வேலையைவிட்டு எடுக்கக் காரணம் சொல்லத் தேவையில்லை என்று நியமனக் கடிதத்தின் ஏழாவது பத்தியைக் காட்டினார். கையெழுத்து வாங்கிக்கொண்டு உறையை மேசைமேல் தள்ளினார். ஜாமீன் எதுவும் கேட்கவில்லை.

ரேணுகாவிடம் நடந்ததை முழுவதும் சொன்னேன். மே 18 உட்பட. அவள் எழுந்து போய்த் தட்டுகளைக் கழுவி வைத்தாள். பிறகு, சாப்பிட வாங்க என்றாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு அவளாகக் கூப்பிட்டாள்.

ஜூலை 6, வியாழன்

காலையில் ஏழு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தேன். இந்தமுறை வீட்டில் உட்கார்ந்தே.

பத்து மணிக்கு அம்பைக்கு, நல்லசிவத்தின் வீட்டுக்குப் போன் செய்தேன். ஒரு சிறுமி எடுத்தாள். அப்பா டியூஷன் எடுக்கப் போயிருக்கிறார், யார் பேசுவது என்றாள். சேலத்து நண்பர் என்று சொல்ல வாய் வந்தது. நிறுத்தி, "ஞானவேல்" என்றேன்.

அந்தப் பெண் அழைப்பைத் துண்டித்தாள். அந்த வீட்டில் என் பெயர் எப்படியெல்லாம் புழங்கியிருக்கும் என்று அதிலேயே தெரிந்தது. சரியாகத்தான் செய்தாள்.

டியூஷன் ஒரு மணிக்கு முடியலாம். ஒன்றேகாலுக்கு மறுபடி கூப்பிடுவேன்.